ஆறு புளியங்கொட்டை

கொல்லிமலைக்குப் புளியங்கொட்டை சுமந்து வந்த முதல் ஆள் மைதிலியாகத்தான் இருக்க வேண்டும். சென்னையில் பயிற்சி முடித்து வந்த திட்ட ஆலோசகர். காரவள்ளியில் ஜீப் மலையேறத் தொடங்கியதிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவர், மடியிலிருந்த அந்த இரண்டு கிலோ பிளாஸ்டிக் பையை மட்டும் கீழே வைக்கவில்லை. மலையில் என்ன கொட்டைக்கா பஞ்சம்? மொச்சை இருக்கிறது, அவரை இருக்கிறது, பலாக்கொட்டை காலில் இடறுகிறது. கேட்டதற்கு, "கையேட்டுல புளியங்கொட்டைன்னுதான் போட்டிருக்கு மேடம்" என்றார். கையேட்டில் யானைத் தந்தம் என்று போட்டிருந்தால் அதையும் தேடிக்கொண்டு வந்திருப்பார்.

நான் மரியம்மாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. அப்போது மலையில் ஊர்நல அலுவலராக இருந்தேன். மலை ஜனங்களுக்கு சேவிகாம்மா. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மானம் போவது அலுவலகத்துக்கு மட்டுமல்ல.

இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரியில் மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் என்ன தேவை என்பதை இனிமேல் அதிகாரிகள் முடிவு செய்யக் கூடாதாம். ஒவ்வொரு ஊராட்சியும் தானே உட்கார்ந்து பேசி வரிசைப்படுத்த வேண்டுமாம். வரிசையில் முதலில் நிற்பதை அந்த வருஷமே செய்துகொடுப்பார்கள். மற்றதெல்லாம் நிதி இருந்தால். நிதி இருந்ததாக நான் என் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை, ஆக முதலில் நிற்பதுதான் கணக்கு.

மலையில் ஊராட்சிக்கு நாடு என்று பேர். குண்டனி நாட்டில் பலாமரத்து வளவு என்ற ஊரில் கூட்டம் போட்டோம். பி.டி.ஓ. நல்லுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ஊர்க்கூட்டம் என்றால் இளநீர் குடிக்கும் இடம். மைதிலி மண்தரையில் பெரிய சார்ட்டை விரித்து, அச்சடித்த ஐந்து படங்களை வரிசையாக வைத்தார். சிறுவர் பூங்கா, வாலிபால் செட், டி.வி. பெட்டி, தையல் மிஷின், பால்வாடிக்குக் கூரை. ஆறாவது அட்டை வெற்றாக இருந்தது.

"உங்களுக்கு எது ரொம்ப ரொம்ப முக்கியமோ அதுக்கு ஆறு கொட்டை வைங்க. அதுக்கு அடுத்ததுக்கு அஞ்சு. இப்படியே குறைச்சுக்கிட்டே வந்து, எது கடைசியோ அதுக்கு ஒண்ணு" என்று மைதிலி மூன்று முறை சொன்னார். பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரல்.

வார்டு மெம்பர் பொன்னாயி எழுந்தாள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் அவள் வீட்டுக்காரன் அவள் பெயரைக் கொடுத்திருந்தான். ஜெயித்த பிறகு அவன் எதிர்பார்த்தபடி அவள் வீட்டில் இருக்கவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

"ஏனுங்க அம்மிணி, இதுல இல்லாதது ஒண்ணு கேக்கலாங்களா?"

"தாராளமா. அதுக்குத்தான் இந்த வெள்ளை அட்டை."

"அப்ப ஒரு ஊடு வரைங்க. பெருசா வேண்டாங்க. ஒரு ரூமு."

மைதிலி வரைந்தார். பொன்னாயி குனிந்து பார்த்தாள். "கதவு போடுங்க. கதவுக்குப் பூட்டு. உள்ள ஒரு பொம்பள ஆள வரைங்க, வயசான ஆளா."

எங்களில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. அவளே சொன்னாள். அந்த ஊரில் எட்டாவது வரைதான் எட்டுகிற தூரத்தில் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்கு ஒன்பது கிலோமீட்டர் காட்டுத்தடத்தில் நடக்க வேண்டும். பையன்கள் தட்டுத்தடுமாறிப் போகிறார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை, திரும்பி வர இருட்டிவிடும். உயர்நிலைப் பள்ளியை ஒட்டி ஒன்றியத்துப் பழைய விதைக் கிடங்கு ஒன்று சும்மா கிடக்கிறது. சுவர் நல்ல சுவர். ஒரு கதவு, ஒரு கக்கூஸ், கூடத் தங்க ஒரு பொம்பளை ஆள். இவ்வளவு இருந்தால் திங்கள்கிழமை போய் வெள்ளிக்கிழமை வரலாம்.

"ஏழு புள்ளைங்க இருக்குதுங்க. எம்பொண்ணு நாகலட்சுமியும் அதுல ஒருத்தி. இந்த வருசம் எட்டாவது முடிக்கிறா" என்றாள். பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த நாகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பதின்மூன்று வயது. வகுப்பில் முதல் மார்க் என்று அவள் வாத்தியார் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்கு அப்புறம் நடந்தது மாதிரி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். டி.வி.க்கு ஆறு வைக்கப் போன மாதேஸ்வரனை அவன் பெண்டாட்டியே கையைப் பிடித்து இழுத்தாள். வாலிபாலுக்கு ஆறு என்று நின்ற நான்கு பையன்கள் கடைசியில் இரண்டுக்கு இறங்கினார்கள். முடிவில் ரூமுக்கு ஆறு. பால்வாடிக் கூரைக்கு ஐந்து. தையல் மிஷினுக்கு நான்கு, டி.வி.க்கு மூன்று. பூங்காவுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் வைத்தாக வேண்டும் என்பதால் வைத்தது. சறுக்கு விளையாட மலைச்சரிவு ஊரைச் சுற்றிக் கிடக்கிறது, பாக்கு மட்டை ஒன்று போதும். அதில் போய் சிமெண்டுக்கு எவன் கொட்டை வைப்பான்?

மைதிலி அந்தந்தப் படத்துக்குக் கீழே எண்ணை எழுதினார். பொன்னாயி கையெழுத்துப் போட்டாள். பி.டி.ஓ. இரண்டாவது இளநீரை முடித்தார்.

மே மாதம் உத்தரவு வந்தது. பலாமரத்து வளவுக்குச் சிறுவர் பூங்கா.

நான் அந்தத் தாளை மூன்று தரம் படித்துவிட்டு அசோக்கிடம் போனேன். அசோக் எங்கள் அலுவலக உதவியாளர். எதையும் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். கண்ணில் பட்டதைத் தட்டச்சு செய்வார். மனு கொடுத்தவர் காப்பி சிந்தியிருந்தால் காப்பிக் கறையையும் தட்டச்சு செய்கிற ஆள்.

"பூங்கா எப்படி அசோக் முதல்ல வந்துச்சு?"

அவர் சார்ட்டை எடுத்து விரித்தார். "இதோ பாருங்க மேடம். பூங்காவுக்குக் கீழ ஒண்ணுன்னு போட்டிருக்கு. நம்ம படிவத்துல 'முன்னுரிமை எண்'ணுன்னு கட்டம். ஒண்ணுக்கு நேரா பூங்காவை எழுதினேன். ரூமு ஆறாவது."

"அது கொட்டை எண்ணிக்கை அசோக். அதிகம் வச்சதுதான் முதல்."

"அப்படீன்னு சார்ட்டுல எங்க மேடம் எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மைதிலி மூன்று முறை வாயால் சொன்னதைச் சார்ட்டில் ஒரு முறை எழுதவில்லை. கூட்டத்தில் முழு நேரமும் உட்கார்ந்திருந்த பி.டி.ஓ. பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் மட்டும் என்ன, நான் பட்டியலைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற ஊராட்சிகளின் சார்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே லட்சணம். மலை முழுக்க எந்த ஊர் எதை வேண்டவே வேண்டாம் என்று கடைசியில் தள்ளியதோ அதையே அந்த ஊருக்கு முதலில் கொடுக்க ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். திட்டம் போட்டுக் கெடுத்தாலும் இவ்வளவு சுத்தமாகக் கெடுக்க முடியாது. ஆலத்தூர் நாட்டில் ஒரே ஓர் ஊருக்கு மட்டும் கேட்டது கிடைத்திருந்தது. அங்கே கூட்டம் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததால் மைதிலி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றென்றால் முதல் என்று அவர்களாகவே நினைத்து, வேண்டிய பால்வாடிக் கூரைக்கு ஒரு கொட்டை வைத்திருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்காதவர்கள் பிழைத்தார்கள்.

பி.டி.ஓ.விடம் சார்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லுசாமிக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். தப்பைத் திருத்த எழுந்தாரோ என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"மரியம்மா, நம்ம பட்டியல்தான் மாவட்டத்துலேயே முதல்ல போனது. கலெக்டர் மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கச் சொல்லிப் பாராட்டினாரு. இப்பப் போயி, ஐயா தலைகீழா எழுதிட்டோம்னு சொல்லச் சொல்றியா?"

"ஏழு பொண்ணுங்க சார். ஜூன்ல ஸ்கூல் திறக்குது."

"அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம். நீயே ஒரு நோட்டு எழுதிக் கொடு. நான் இனிஷியல் போடறேன். ஊருக்குள்ள மட்டும் மூச்சு விடாத. நாம தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?"

இப்போதும் மதித்துக் கிழிக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில்தான் இருந்தது. நோட்டு எழுதினேன். 'அடுத்த ஆண்டு முதல் அதிக மதிப்பெண் பெற்றதையே முதல் முன்னுரிமையாகக் கொள்ள வேண்டும்.' நல்ல கையெழுத்து என் கையெழுத்து. அவர் இனிஷியல் போட்டார், அசோக் கோப்பில் வைத்தார்.

பலாமரத்து வளவுக்குப் போனபோது பொன்னாயி வீட்டு வாசலில் செங்கோட்டையன் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்துக்காரர். கீழே ஏதோ நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஏஜெண்டு. வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. மலைக்கு வந்துபோன ஆட்களில் சொன்ன தேதிக்கு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்களாம். தங்க ரூமு, ரூமுக்குப் பூட்டு, கூட ஒரு வார்டன் அம்மா. நாங்கள் அட்டையில் வரைந்ததை அவர்கள் கட்டியே வைத்திருந்தார்கள்.

அவர் போன பிறகு பொன்னாயி என்னிடம் கேட்டாள். "ஏனுங்க சேவிகாம்மா, ஆறு வெச்சது வல்ல, ஒண்ணு வெச்சது வந்துருக்குது. நாங்க ஏதாச்சும் தப்பாப் பண்ணிப்போட்டங்களா?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"அப்பறம் ஏனுங்க?"

"மேல முடிவு பண்ணிட்டாங்க" என்றேன். மேல என்று சொன்னால் மலையில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தையை நான் ஏழு வருஷமாக உபயோகித்து வந்தேன். "அடுத்த வருஷம் கண்டிப்பா ரூமு வரும் பொன்னாயி. நான் எழுதி வாங்கி வச்சிருக்கேன். நாகலட்சுமிய மில்லுக்கு அனுப்பாதீங்க. ஒரு வருஷம் பொறுத்துக்கங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். உள்ளே நாகலட்சுமி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், ஊதுவது நின்றது எனக்குக் கேட்டது.

உள்ளதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரில் போன தடவை வைத்த மாதிரியே அடுத்த தடவையும் வைப்பார்கள், இந்த முறை நாங்கள் சரியாகப் படிப்போம், காரியம் தானாக நடந்துவிடும், எதற்கு வாயைக் கொடுத்து அசிங்கப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் அசோக்குக்குக் குறைந்தவள் இல்லை.

ஆகஸ்டில் பூங்காவைத் திறந்து வைத்தார்கள். பூங்கா என்றால் மொசைக் போட்ட ஒரு சறுக்கு மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு கல்வெட்டு. கல்வெட்டில் பதினோரு பெயர், அதில் ஒரு குழந்தை பெயர் இல்லை. சறுக்கு மரத்தின் கடைசிப் படி உயரமாகிப்போனதால் சின்னப் பிள்ளைகள் ஏற முடியவில்லை. ஏறிய ஒரு பையன் பாதி வழியில் மொசைக்கில் ஒட்டிக்கொண்டு அழுதான். கீழே நிழல் கிடைத்ததில் ஆடுகளுக்கு மட்டும் பரம திருப்தி.

போட்டோ எடுக்க வேண்டும், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சறுக்க வேண்டும் என்று பி.டி.ஓ. சுற்றிலும் பார்த்தார். பள்ளிக்கூட நாள். பெரிய பிள்ளை என்று அங்கே நின்றது நாகலட்சுமி மட்டும்தான்.

"நீ ஏறு பாப்பா" என்றார்.

அவள் பாவாடையைக் காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு உச்சியில் உட்கார்ந்தாள். பதின்மூன்று முடிந்த பெண். கூட்டத்தில் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். "சிரி, சிரி" என்றார் போட்டோக்காரர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சறுக்கினாள். எனக்கு எழுந்து போய் அந்தக் கேமராவைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீச வேண்டும் போல ஆத்திரம் வந்தது. நான் சாக்லேட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவட்ட ஆண்டறிக்கையில் 'பயன்பெற்ற சிறுமி' என்று அந்தப் படம் வந்தது.

அடுத்த ஜனவரியில் மைதிலி மறுபடி வந்தார், மறுபடி வாந்தி, மறுபடி பை. பூங்கா முடிந்துவிட்டதால் அந்த இடத்தில் நூலக அலமாரி என்று ஒரு படம். ரூமு வரைந்த பழைய அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். மற்றது எல்லாம் போன வருஷத்தது.

நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். ஆறு வைப்பார்கள், முதலில் வரும், ஜூனில் கதவு மாட்டிவிடலாம். கூடத் தங்க ஆள்கூட மனதில் பார்த்து வைத்திருந்தேன், மாதம்மாள் என்று ஒரு விதவை. அவளிடம் சொல்லிவிட்டும் இருந்தேன்.

பொன்னாயி முதலில் எழுந்தாள். யோசிக்கவில்லை, சண்டை இல்லை. நேராகப் போய் ரூமு அட்டையில் ஒரே ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். பின்னாலேயே வந்த பாவாயி பால்வாடிக் கூரைக்கு இரண்டு வைத்தாள். வரிசையாக வந்தார்கள், வரிசையாக வைத்தார்கள். வாலிபால் பையன்களே தங்கள் வாலிபாலுக்கு ஆறு வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். போன வருஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது இந்த வருஷம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஊரே பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தது. அலுவலகத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அத்தனை முகத்திலும்.

"ஊர் ஒத்துமையா இருக்குது, ரொம்ப முன்னேற்றம்" என்றார் மைதிலி.

நான் பொன்னாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எதுக்கு ஒண்ணு வச்சீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க நாத்தனாள ஆலத்தூர் நாட்டுல கட்டிக் குடுத்துருக்குதுங்க. அங்க ஒண்ணுதான் வெச்சாங்களாமா. கூர வந்துபோச்சு. நாங்க ஆறு வெச்சு ஏமாந்தோம். உங்க ஆபீசுல கம்மியாக் கேட்டாத்தான் குடுப்பாங்களாட்ட இருக்குதுங்க."

"இல்ல பொன்னாயி, இந்த வருஷம் மாத்தியாச்சு. ஆறு வையுங்க. நான் சொல்றேன்ல."

நான் கையை நீட்டி வாலிபாலில் இருந்த கொட்டைகளை அள்ளி ரூமு அட்டைப் பக்கம் தள்ளப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காட்டு வேலை செய்த கை, இரும்பு மாதிரி இருந்தது.

"கையை எடுங்க சேவிகாம்மா."

"மேடம்!" என்று மைதிலி பதறினார். "நாம குறுக்கிடவே கூடாது. இது அவங்களோட குரல்."

நாற்காலியிலிருந்து பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, ஊருக்கு முன்னால் சொன்னேன். "போன வருஷம் நீங்க சரியாத்தான் வச்சீங்க. ஆபீசுலதான் தலைகீழா எழுதிட்டோம். இப்ப அதைத் திருத்தியாச்சு. ஆறு வச்சாத்தான் ரூமு வரும்."

பி.டி.ஓ. இளநீரைக் கீழே வைத்தார். பொன்னாயி என் கையை விட்டாள்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"போன மே மாசம்."

"அப்பவே ஏனுங்க சொல்லல? எங்கூட்டு வாசல்ல ஒக்காந்து மேல முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்க. எம்பொண்ணு ஏழெட்டு மாசமா அடுப்படியில கெடக்கறா. அன்னிக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னிக்குச் சொல்றத எப்படிங்க நம்பறது?"

என்னைவிடக் கேவலமாக அந்த இடத்தில் ஒருத்தி நின்றிருக்க முடியாது. பி.டி.ஓ. தொண்டையைச் செருமினார். "மரியம்மாளுக்கு உடம்பு சரியில்லை போல. மெம்பர் என்ன சொல்றாங்களோ அதுதான் தீர்மானம். என்னம்மா, ஒண்ணே இருக்கட்டுமா?"

"ஒண்ணே இருக்கட்டுங்க" என்றாள் பொன்னாயி. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் அசோக்கிடம் கெஞ்சினேன். "இந்த ஒரு ஊருக்கு மட்டும் பழைய மாதிரி எழுதுங்க. ஒண்ணுதான் முதல்னு எழுதுங்க." அவர் கோப்பைத் திறந்து என் நோட்டையே என்னிடம் காட்டினார். "அதிக மதிப்பெண் பெற்றதே முதல். உங்க கையெழுத்துதானே மேடம்?" பி.டி.ஓ.விடம் போனேன். "ஒரு வருஷம் ஒண்ணு பெருசு, ஒரு வருஷம் ஆறு பெருசுன்னு நாம மாத்தி மாத்தி விளையாட முடியுமா? அதுவும் நேத்து அத்தனை பேர் முன்னால பேசிட்டு எங்கிட்டயே வரே" என்றார். கலெக்டருக்கு நேராக ஒரு மனு எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை. கிழித்தேன். மாற்றல் மனுவை மட்டும் கிழிக்கவில்லை.

பலாமரத்து வளவுக்கு வாலிபால் செட் வந்தது. ஒரு வலை, இரண்டு பந்து. முதல் வாரமே ஒரு பந்து பள்ளத்தில் போய்விட்டது. மலைச்சரிவில் வாலிபால் ஆடச் சொன்னால் வேறு என்ன ஆகும்?

ஜூன் முதல் வாரம் செங்கோட்டையன் சொன்ன தேதிக்கு வந்தார். காலை பஸ்ஸில் நாகலட்சுமியோடு நான்கு பெண்பிள்ளைகள் காரவள்ளிக்கு இறங்கினார்கள், அங்கே மில் வேன் காத்திருந்தது. ஆத்தூர் போக நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். நாகலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என்னைப் பார்த்து, "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அக்டோபரில் தேர்தல் வந்தது, பொன்னாயி மெம்பர் பதவி போனது. நல்லுசாமி மாற்றலாகிக் கீழே போனார், அவர் கேட்ட ஊருக்கே. என் மனு மட்டும் அடுத்தவர் மேஜைக்குப் போனது.

ஜனவரியில் ஒரு காலை, அலுவலகம் திறந்த நேரம், பொன்னாயி வந்து என் மேஜை முன்னால் நின்றாள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க விடியலில் நடந்திருக்க வேண்டும், காலெல்லாம் செம்மண். நான் எழுந்துவிட்டேன். நாகலட்சுமி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கிறாள் என்றாள். பஞ்சு மூக்கில் ஏறி இருமல் விடமாட்டேன் என்கிறதாம். தீபாவளிக்கு விடவில்லையாம்.

"உங்கள வையறதுக்கு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போறன். சின்னவ இந்த வருசம் எட்டாவது முடிக்கறா. இந்தத் தடவ எத்தன கொட்ட வெக்கோணுங்க? அத மட்டும் சரியாச் சொல்லிப்போடுங்க."

ஆறு என்று சொல்ல வாயெடுத்தேன். பயமாக இருந்தது. அசோக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். புதிய பி.டி.ஓ. பழைய முறையை நிறுத்தி வைத்திருக்கிறார் என்றார். மாவட்டத்தில் படிவத்தை மாற்றுகிறார்களாம். கொட்டை வைப்பதா, டிக் அடிப்பதா, எது பெரியது, எது சிறியது என்று இன்னும் ஆர்டர் வரவில்லை.

அதை நான் பொன்னாயியிடம் அப்படியே சொன்னேன். முதல்முறையாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள்.

"ஆர்டரு வரட்டுங்க. இருக்கறன்" என்றாள்.